வெளிநாட்டில் ஒரு புதன்கிழமை

விடியும்போதே மதில்மேல்
பதினொரு வாய்கள் காய்கின்றன.
சாந்தில் வார்த்த மேல்தாடை, கீழ்தாடை,
ஒன்றில் மூதூர் மீன் முதலாளியின்
முன்பல் இல்லாத சிரிப்பு.
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிவந்த மான்
ஒவ்வொன்றாய் முகர்ந்துவிட்டு
பிடிக்காமல் போகிறது.

"எழும்பிட்டீங்களோ?
முகத்தைக் கழுவிப்போட்டு வாங்கோ"
மெய்ஃபெங் அன்ரியின் குரல்.
காரைக்காலில் யாரும் என்னை
இத்தனை 'ங்கோ' போட்டுக் கூப்பிட்டதில்லை.

எனக்கு இங்கே ஆறு மாதம்.
ஆய்வுத் தலைப்பு,
திருகோணமலைப் பேச்சுத்தமிழில் வினைமுற்று.
கருவியில் நாற்பது மணி நேரப் பேச்சு சேர்ந்திருக்கிறது;
முப்பத்தொரு மணி நேரம் அன்ரி பேசியது.
ஊரிலிருந்து பேராசிரியர் மின்னஞ்சலில் கேட்கிறார்:
தகவலாளி அந்த மண்ணைச் சேர்ந்தவர்தானே?
மூன்று நாளாகிறது.

காலைக்கு, ஆவியில் வெந்த வெள்ளை மாவுருண்டை.
உள்ளே ஒன்றும் கிடையாது.
தொட்டுக்கொள்ளக் கட்டைச் சம்பல்.
லியூ அங்கிள் பல்வைத்தியர்;
வாய் திறந்தபடி கிடப்பவர்களிடமே
முப்பது வருடம் பேசிப் பழகியதால்
கேள்வி கேட்டுவிட்டு
பதிலுக்கு நிற்கமாட்டார்.
"வடிவா நித்திரை கொண்டனீங்களோ? நல்லது."

இன்று கிளினிக் பாதிநாள் பூட்டு.
என் விசாக் கடிதத்தில்
வீட்டுக்காரர் கையொப்பம் வேண்டுமாம்.
யான்லிங்கும் வருகிறாள், பள்ளியை ஏமாற்ற.
(தமிழ்ப் பாடத்தில் அவளுக்கு ஏ.
பத்தாம் வகுப்பில் எனக்கு எழுபத்திரண்டு.)

பஸ் நிலையத்தில் நடத்துனர் கத்துகிறார்:
"சீனன்குடா! சீனன்குடா! சீனன்குடா!"
நான் பார்க்கக் கூடாதென்று நினைப்பதற்குள்
அவளைப் பார்த்துவிட்டேன்.
"ஒவ்வொரு வருசமும் வகுப்பில ஒராள்
இந்தப் பகிடியை விடும் அக்கா.
நான் அங்க போனதே இல்லை."

கச்சேரியில் புதிதாய் மாற்றலாகி வந்த இளைஞர்.
எங்கள் மூவரையும் பார்த்தார்.
அங்கிளுக்கு நாற்காலி போட்டார்.
"பாஸ்... போர்ட்" என்றார்,
காது கேளாதவரிடம் சொல்வதுபோல்.
பிறகு என்னிடம், அன்பாக,
"தங்கச்சி, நீங்கள் மொழிபெயர்க்க வந்தனீங்களோ?"

கடவுச்சீட்டு என் பையில் இருந்தது.
நீல அட்டை, மூன்று சிங்கம்.
பையின் ஜிப்பில் விரல் இருந்தது.
ஒலிப்பதிவில் அளந்தால்
நான்கு நொடி வரலாம்.
அந்த நான்கு நொடியும்
இந்த ஊர்க்காரியாய் இருந்தது
நன்றாக இருந்தது.
தலையைக்கூட ஆட்டியிருப்பேன்.

அங்கிள் அடையாள அட்டையை
மேசையில் வைத்தார், சத்தமில்லாமல்.
"தம்பி, உங்கட இடப்பக்கக் கடைவாய்ப்பல்லு
இரவில நோகுதெல்லோ?
ஒரு பக்கத்தாலதான் கதைக்கிறீங்கள்."
இளைஞரின் கை தானாகவே
கன்னத்துக்குப் போனது.
"வெளிநாடு இவ" என்று
என்னைக் காட்டினார்.
பதிலுக்கு நிற்கவில்லை.

மத்தியானம் கோணேசபுரியில் வகுப்பு.
என்ன நடத்தினார்கள் என்று கேட்காதீர்கள்.
திரும்பும்போது நிலாவெளி வீதியெங்கும்
கருவாட்டு வாசம்,
ஜன்னலோரத்தில் உப்புக்காற்று.

இரவுச் சோற்றுக்கு முரல் மீன், இஞ்சி, சோயா.
"போன அலுவல் சரியோ?" அன்ரி கேட்டார்.
"ஓம்" மூவரும் ஒரேநேரத்தில்.
அங்கிளின் குறிப்புப் புத்தகத்தில்
வெள்ளி, நாலு மணிக்கு நேரே
புதிதாய் ஒரு வரி:
கச்சேரித் தம்பி, இடம், கீழ்.

பதினொரு மணி.
பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம்
யான்லிங் புரண்டு படுக்கும் சத்தம்.
"அக்கா."
"ம்."
"நீங்கள் ஏன் உடன சொல்லேல்லை?"

கருவி ஓடிக்கொண்டிருந்தது,
அணைக்க மறந்திருக்கிறேன்.
பேனாவை எடுத்தேன்.
சொல்லேல்லை:
எதிர்மறை, இறந்தகாலம்.
முன்னிலையில் வந்திருக்கிறது,
தன்மைக்கும் அதே வடிவம்தான்.